பென்சனியர் வளவுகள்

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய் வழியாக வட்டுக்கோட்டை நோக்கிச் செல்வோமாயின், வேலிகளுக்கும் மதில்களுக்கும் அப்பால், நாற்சார் முற்றமும் அகன்ற விறாந்தையுமுள்ள பழைய கல்வீடுகள் சில இன்னும் நம் கண்ணிற் படும். அவற்றுட் பல 'பென்சனியர் வீடு' என்றே ஊரவரால் வழங்கப்பட்டவை. தோட்டத்து விளைவு கொண்டு எழுந்தவையல்ல அவை. மலாய் நாட்டின் புகையிரத நிலையங்களிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்த சம்பளத்தால் எழுந்தவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரித்தானியக் குடும்பங்கள் கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பெரும்பாலும் நிலமும் பிழைப்பும் தேடிச் சென்றன. எண்ணியது கைகூடாமலோ, ஊர் நினைவு விடாமலோ சிலர் மீண்டனர். நம்மவர் சென்றதோ பேனா பிடிப்பதற்கு; மீள்வது என்னும் எண்ணத்தோடேதான் அவர்கள் கப்பலேறினார்கள்.

காரணம் இம்மண்ணிலேயே கிடந்தது. ஆறில்லாத குடாநாடு இது. கிணற்று நீரை இறைத்தே பயிர் வளர்க்க வேண்டும். உள்ள காணியும் முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் துண்டுபட்டுப் பரப்புக் கணக்கிற் சுருங்கியது. மறுபுறத்திலே, 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1855இல் அது மூடப்பட்டபோதிலும் ஆங்கிலக் கல்வியின் மீதுள்ள வேட்கை மூடப்படவில்லை. 1872இல் அங்கேயே யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. சைவர்களும் தமக்கெனக் கல்லூரிகளை எழுப்பினர். படித்தோர் தொகை பெருகிற்று; இலங்கையில் இலிகிதர் நாற்காலிகள் அவ்வாறு பெருகவில்லை.

அவ்வேளையில் மலாயாவிலோ நாற்காலிகள் ஆளின்றிக் காத்திருந்தன. 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு அந்நாட்டின் முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. பாதை நீள நீள, ஆங்கிலம் அறிந்த நிலைய அதிபர்களும் இலிகிதர்களும் நில அளவையாளர்களும் வேண்டப்பட்டனர். ஒருவர் சென்றால் தம்பி, மைத்துனன், மருமகன் என்று ஒரு கிராமமே பின்தொடர்ந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில், நல்லூரை அவர்கள் மறந்தாரல்லர் என்பதற்குச் சான்று.

மணியோடர் வந்தது, காணி வாங்கப்பட்டது, குமர்ப்பிள்ளைகள் கரையேறினர். ஆயின் அதற்கு ஈடாகக் கொடுத்ததையும் கணக்கிடல் வேண்டும். மனைவியையும் மக்களையும் ஊரில் விட்டு, சில ஆண்டுகளுக்கொருமுறை விடுமுறையில் வந்து போனவர் பலர். உபகாரச் சம்பளத்தோடு அவர் ஈற்றில் வந்திறங்கியபோது, பிள்ளைகளுக்கு அவர் பாதி விருந்தாளியாகவே இருந்தார். கல்வீட்டின் பெருமையைப் பேசும் நாம் இத்தனிமையை ஏனோ பேசுவதில்லை.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் கையில் வீழ்ந்ததும் கடிதமும் பணமும் நின்றன. மூன்றரை ஆண்டுகள், கணவன் உயிரோடிருக்கிறானோ என்பதையும் அறியாது பல வீடுகள் காத்திருந்தன.

எல்லாரும் மீளவுமில்லை. 1915இல் வட்டுக்கோட்டையிற் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயாவுக்கு எடுத்துச் செல்லப்பட்ட சி. இராசரத்தினம், 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சரானார். இத்தகையோருக்கு யாழ்ப்பாணம் பெற்றோர் சொல்லும் கதையாயிற்று.

1983இன் பின் புறப்பட்டவர்களையும் இவர்களோடு ஒன்றாக வைத்துப் பேசுவாருளர். அஃது எமக்கு உடன்பாடன்று. முன்னவர் வேலையுறுதியோடு சென்றார். பின்னவர் உயிரச்சத்தோடு ஓடினார். எனினும் இருவர் கதையும் ஒரே வளவில் வந்து முட்டுகிறது. பாட்டனார் மலாயாப் பணத்தில் கட்டிய வீடு சிலவிடத்துப் பூட்டிக் கிடக்கிறது. உரித்தாளிகள் தொரொன்டோவிலும் இலண்டனிலும் சிதறியிருக்கின்றனர். பங்குக்காரர் அனைவரும் கையொப்பமிட்டாலன்றிக் கூரையோட்டை மாற்றவும் வழியில்லை. மாரிக்கு மாரி முற்றத்திலே ஆலங்கன்று வேரோடுகிறது. அயலவர் ஒருவர் மட்டும் கிணற்றைப் பாழ்போக விடாமல் நீரள்ளி வருகிறார்.