முகத்தைப் பார்த்து வெளிச்சம் வையுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஒரு பழைய மாணவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். விசைப்படகில் முப்பது வருடம் கடலுக்குப் போனவர். கூடத்தில் மாலை போட்ட படம், முன்னால் விளக்கு. கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. ரோஸ் நிறக் கன்னம், ஒரு சுருக்கம்கூட இல்லாத நெற்றி.

அவன் அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அவரு ஜாடையே இல்ல சார். யாருக்கோ மாலை போட்டு வச்ச மாரி இருக்குது."

விசாரித்தேன். அவரைத் தனியாக எடுத்த படம் வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். மகள் கல்யாண மேடையில் எடுத்தது ஒன்று இருந்திருக்கிறது. பின்னால் இருந்த விளக்குச் சோடனையின் பிரகாசத்தில் அவர் முகம் இருட்டாக விழுந்திருந்தது. அதை வெட்டிக் கொடுத்து, ஸ்டுடியோவில் 'பளிச்'சென்று ஆக்கி வாங்கியிருக்கிறார்கள். எடுக்கும்போது பதியாத முகத்தைப் பிறகு எப்படி வெளுத்தாலும் முகம் வராது, வெளுப்புதான் வரும்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு 1994 ஞாபகம் வந்துவிட்டது. அப்போது இதே பையன் என் வகுப்பில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். பஸ் பாஸுக்குப் போட்டோ வேண்டும். பிள்ளைகளுக்கு ஸ்டுடியோ செலவு மிச்சமாகட்டும் என்று நானே ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பகல் பன்னிரண்டு மணி. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தேன். எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. பிரிண்ட் வந்தபோது அந்தப் பையன் படத்தில் சட்டையும் பல்லும்தான் தெரிந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கருங்குழிகள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "கருப்பா இருந்தா நான் என்னடா பண்றது?" என்று வேறு சொன்னேன்.

அவன் அந்தப் படத்தை வாங்கவில்லை. இரண்டு மாதம் டிக்கெட் எடுத்துத்தான் பள்ளிக்கு வந்தான். ஒளியியல் பாடம் நடத்திய அறிவியல் ஆசிரியர் நான். தப்பு அவன் நிறத்தில் இல்லை, என் வேலையில்தான் என்று புரிய எனக்கு ரொம்ப காலம் ஆனது.

விஷயம் இதுதான். கேமராவின் ஒளிமானிக்கு எது முகம், எது சுவர் என்று தெரியாது. கண்ணில் படுவதையெல்லாம் சராசரி போட்டு, நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைத்தான் இதற்கு அளவாகச் சொல்வார்கள். அன்று பிரிண்ட் போட்ட கலர் லேப் இயந்திரமும் இதே சராசரிக் கணக்கைத்தான் போட்டது. வெள்ளைச் சுவரையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்ததும் 'வெளிச்சம் அதிகம்' என்று நினைத்து மொத்தத்தையும் குறைத்துவிடும். சுவர் சாம்பலாகும், கருத்த முகம் இருட்டாகும். போதாததற்கு உச்சி வெயில் நேர்மேலிருந்து விழுவதால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும்.

இதில் உலகக் கதையும் ஒன்று உண்டு. கோடாக் நிறுவனம் அந்தக் காலத்தில் லேப்களுக்கு 'ஷெர்லி கார்டு' என்று ஒரு மாதிரிப் படம் அனுப்பி வந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக வந்தால் நிறம் சரி என்று கணக்கு. மரச்சாமான், சாக்லேட் வியாபாரிகள் 'எங்கள் பொருளில் பழுப்பு நிற வித்தியாசமே தெரியவில்லை' என்று புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள் என்று, இதை ஆராய்ந்த கனடா நாட்டுப் பேராசிரியர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். மனிதர்கள் சொன்னபோது அசையாதவர்கள் மேசை நாற்காலிக்காக அசைந்திருக்கிறார்கள்! 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கருத்த தோலைச் சரியாகக் காட்ட 'ரியல் டோன்' என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. அதுவரை எத்தனை முகங்கள் இருட்டில் போயிருக்கும்!

கதைக்கு வருகிறேன். கிளம்பும் முன் அந்த அம்மாவிடம், "உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"என்னை இன்னாத்துக்கு சார்? கருப்பா வுழும்."

மகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

கூடத்து டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் தோலின் நிறம் கெடும். வாசல் நிலைக்கு இரண்டடி உள்ளே ஸ்டூல் போட்டு, முகத்தைச் சற்றே தெருப்பக்கம் திருப்பி உட்கார வைத்தேன். தெருவில் நேர் வெயில் இல்லை, எதிர்வீட்டுச் சுவரில் பட்டு வரும் வெளிச்சம்தான். இப்படி அகலமாக வரும் ஒளி கருத்த தோலில் கன்னத்திலும் நெற்றியிலும் மெல்லிய மினுக்கமாகப் படியும். அந்த மினுக்கம்தான் முகத்தின் வடிவத்தைக் காட்டும். ஃபிளாஷ் அடித்தால் அதே இடங்களில் வெள்ளைப் புள்ளிகள்தான் மிஞ்சும். முகத்தின் மறுபாதி ரொம்ப இருளாகத் தெரிந்ததால், மகனிடம் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடுத்து அந்தப் பக்கம் விரித்துப் பிடிக்கச் சொன்னேன்.

போன் திரையில் அவர் முகத்தைத் தொட்டேன். உடனே முகம் தன் இயல்பைவிட வெளுத்தது. ஏனென்றால் இப்போது கேமரா கருத்த முகத்தையே சாம்பலாக்கப் பார்க்கிறது. பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுத்தேன். கண்ணுக்குத் தெரியும் நிறம் வந்ததும் எடுத்தேன்.

படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, உப்புக் காற்றில் காய்ந்த கன்னம், எல்லாம் இருந்தன. "நான்தான் இது" என்றார். பிறகு, "அவரையும் இந்த மாரி ஒன்னு எடுத்திருக்கலாம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மகனிடம் பஸ் பாஸ் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க சார், அது எப்பவோ" என்றான். அவன் மறக்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரமே அம்மா அப்பாவை ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள், நம் ஊர்க் கடல்காற்றின் உப்பு அதில் படிந்திருக்கும். கடல் பின்னால் தெரிய வேண்டும் என்றால் சாயங்காலம் போங்கள். நமக்குக் கடல் கிழக்கே இருப்பதால் காலையில் சூரியன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும், முகம் இருண்டுவிடும். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள்.

மதுரைக்காரர் எம். பழனிக்குமார் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். 2022-ல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றவர். அவருடைய தாய் மீன் விற்றவர். அந்தத் தாயை அவர் எடுத்த படங்களில் முகம் இருட்டாகவும் இல்லை, வெளுப்பாகவும் இல்லை. அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்கிறார்.

எடுத்த படத்தை எனக்கும் அனுப்புங்கள். மார்க் போட மாட்டேன், பார்க்க ஆசை.