கரைந்துபோன துள்ளிசை

மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில், நம் இளமைக் காலத்தில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. ஓதுபள்ளி விட்டதும் நம் கால்கள் தாமாகவே அங்கே சென்று நிற்கும். தேநீருக்காகவன்று, இலங்கை வானொலிக்காக.

அக்காலத்தில் நம் தென்மாவட்டங்களில் அவ்வானொலி ஒலிக்காத தெருவில்லை. பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் உச்சரிப்பைக் கேட்டு லகர ழகரங்களைத் திருத்திக்கொண்டவர்களுள் நாமும் ஒருவர். திரைப்பாடல்களுக்கிடையே, எந்தப் படத்திலும் இடம்பெறாத பாடல்கள் சிலவும் வரும். ‘பொப்’ இசை என்றும் துள்ளிசை என்றும் அவற்றை அழைத்தனர். ‘சின்ன மாமியே’ பாடிய நித்தி கனகரத்தினமும், ‘சுராங்கனி’யால் புகழ்பெற்ற ஏ.ஈ. மனோகரனும் அவ்விசையின் முதன்மையாளர்கள்.

மேடையில் பிறந்த அந்த இசையை ஊரறியச் செய்தது வானொலியே. அதன் தாளமோ ‘பைலா’. 1505இல் இலங்கைக் கரையேறிய போர்ச்சுக்கீசியர் வழிவந்த சொல் அது. ‘ஆடு’ என்பது அதன் மூலப் பொருள். ஆக, போர்ச்சுக்கீசியத் தாளம், சிங்களப் பெயர், தமிழ் நாவு என மூன்றும் ஒரே பாட்டில் கைகோத்து நின்றன. அரபு எழுத்தில் தமிழை எழுதி வளர்த்த நம்மவர்க்கு இத்தகைய கலப்பு புதுமையன்று.

1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற படத்தின் வழியே சுராங்கனி தமிழ்த்திரைக்கும் வந்தாள். 1983 ஜூலையில் இலங்கை தீப்பற்றி எரிந்தது. தமிழர் ஏதிலிகளாய்க் கடல் கடந்தனர்.

அடுத்த ஆண்டு, அதே தேநீர்க் கடையில் அங்கிருந்து வந்த இளைஞர் ஒருவரைக் கண்டோம். நமக்கு அப்போது பதினான்கு வயது. ஆவல் மீதூர, “அண்ணே, சுராங்கனி பாடுங்களேன்!” என்றோம். அவர் குவளையை மெல்லக் கீழே வைத்தார்.

“அந்தப் பாட்டை அங்கையே விட்டிட்டு வந்திட்டம், தம்பி.”

கடையில் எவரும் பேசவில்லை. அச்சிங்களப் பெயரை அவரிடம் பாடச் சொன்னோமே என்ற நாணம் வெகுநாள் நம்மை விட்டகலவில்லை.

பின்னர் மதரஸாவில் இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வைப் பயின்றோம். ஒரு நாகரிகத்தில் இறுதியாகத் தோன்றும் கலை பாட்டு. அந்நாகரிகம் குலையும்போது முதலில் மறைவதும் அதுவே என்கிறார் அப்பேரறிஞர். 1377இல் எழுதப்பட்ட கருத்து அது. படித்த கணம் நம் கண்முன் நின்றது, கீழே வைக்கப்பட்ட அந்தத் தேநீர்க் குவளை.

மனோகரன் தமிழகத்தில் வாழ்ந்து, 2018இல் சென்னையில் மறைந்தார். திருமண வீடுகளில் இன்றும் சுராங்கனி ஒலிக்கிறது, இளைஞர் ஆடுகின்றனர். நாம் அவர்களைக் கடிவதில்லை. இரு மொழிகள் பகையின்றி ஒரே பாட்டில் குடியிருந்த காலமொன்று இருந்தது என்பதை மட்டும், அருகிலிருக்கும் மாணவரிடம் மெல்லச் சொல்லிவைக்கிறோம்.