நட்சத்திரக் குறிகளால் ஒரு நன்றி

எங்கள் தட்டச்சு ஆசிரியை ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. என்ன பரிசளிப்பது? பூங்கொத்தா, பொன்னாடையா? விசைப்பலகைக் குறிகளைக் கொண்டே பெரியதொரு "நன்றி" எழுதுவோம் என்று முடிவு செய்தோம். 1898-ஆம் ஆண்டிலேயே பிளோரா ஸ்டேசி என்னும் பெண்மணி தட்டச்சுப் பொறியால் பட்டாம்பூச்சி வரைந்தார் என்று எங்களுக்குச் சொன்னவரே அவர்தாமே!

ஆங்கில எழுத்துகளை இவ்வாறு பெரிதாக்கித் தர 1991-இல் தோன்றிய 'ஃபிக்லெட்' என்னும் நிரல் உண்டு. நாங்களோ தமிழில், எங்கள் கையாலேயே செய்ய விரும்பினோம். கட்டத்தாளில் எழுத்துகளை வரைந்தோம். நிரம்பிய கட்டத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி, வெற்றுக் கட்டத்துக்கு ஓர் இடைவெளி என்று கணிப்பொறியில் வரிவரியாக அடித்தோம்.

அச்செடுத்துப் பார்த்தால், அந்தோ! "ன்" சரிந்து, "றி" உருக்குலைந்து கிடந்தது. செய்வதறியாது நாங்கள் விழித்து நிற்கையில், வாசலில் ஆசிரியையே வந்து நின்றார். இரகசியம் உடைந்தது! தாளை உற்று நோக்கியவர், "பிள்ளைகளே, தட்டச்சுப் பொறியில் எல்லாவற்றுக்கும் ஒரே அகலம். நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் நட்சத்திரத்தைவிட இடைவெளி ஒடுங்கியிருக்கிறது. சம அகல எழுத்துருவுக்கு மாற்றுங்கள்" என்றார். மாற்றினோம், எழுத்துகள் நிமிர்ந்தன.

18 தாள்களை ஒட்டி மேடையில் தொங்கவிட்டோம். விழாவன்று அதைக் கண்ட ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நன்றி சொல்லப் போன நாங்கள், அவரிடம் இறுதிப் பாடமும் கற்றுக்கொண்டோம். இனி இடைவெளி விசையை அழுத்தும்போதெல்லாம் அவர் குரல் எங்கள் செவிகளில் ஒலிக்கும்.