தூண்டிலின் இரு முனைகள்

ஒரே ஆறு, ஒரே மீன். ஒருவனுக்கு அது விளையாட்டு, மற்றொருவனுக்கு வயிற்றுப்பாடு. இவ்விருவரையும் ஒரே படகில் ஏற்றிவைக்கும் தொழிலொன்று இன்று உலகின் பல பாகங்களிலும் நடைபெறுகின்றது. அமெரிக்க ஆறுகளில் கெளிற்று மீனும் வரிப் பாஸ் மீனும் பிடிக்க விரும்புவோர்க்கெனக் கூலிக்கு வழிகாட்டிகள் இருக்கின்றனர். பணம் கொடுத்தவர் தூண்டிலைப் பிடிப்பார். மீன் கிடக்கும் மடுவை அறிந்தவர் படகை ஓட்டுவார். அறிவு ஒருவருடையது, பெருமை மற்றவருடையது. இந்தப் பங்கீடு நியாயமானதுதானா?

இது நமக்குத் தொலைவான கேள்வியன்று. நாம் வாழும் அன்புவழிபுரம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் உள்ளது. துறைமுகத்தை அடுத்துக் கொட்டியாரக்குடா விரிந்து கிடக்கின்றது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை அங்கேதான் கடலோடு கலக்கின்றது. உப்பும் நன்னீரும் கூடும் அக்கழிமுகம் கொடுவாய்க்கும் கெளிற்றுக்கும் உகந்த இடம். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பிரயாணிகள் வந்து தங்குவர். அவர்களை மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் படகுகளுக்குக் கையாட்கள் வேண்டும். அந்நாட்களில் நம் வகுப்பறையின் பின்வாங்குகள் ஒவ்வொன்றாய் வெறுமையாகின்றன.

அவ்வாறு சென்ற மாணவன் ஒருவனை ஒருநாள் வீதியில் கண்டோம். படிப்பைப் பற்றிக் கேட்டோம். அவனோ படகைப் பற்றிச் சொன்னான். “மீன் கிடக்கிற இடம் எனக்குத்தான் தெரியும், சேர். ஆனா படம் எடுக்கக்குள்ள என்னைத் தள்ளி நிக்கச் சொல்லுவாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னான். ஆயினும் அச்சொல் ஒரு பெரிய வரலாற்றின் சுருக்கமன்றோ!

மகாவலியின் தலைநீர் ஊறும் நுவரெலியா மலைகளை எண்ணிப் பாருங்கள். 1880களில் பிரித்தானியர் தம் பொழுதுபோக்குக்காக ஐரோப்பிய திரவுட் மீனை அம்மலை ஓடைகளில் கொண்டுவந்து விட்டனர். 1896இல் இலங்கை மீன்பிடிக் கழகமும் எழுந்தது. அதே மலைகளில், தேயிலைச் செடிகளிடையே, நம் மக்கள் லயன் அறைகளில் வாழ்ந்தனர். மீனுக்குக் குளிர்ந்த நீர் தேடிய காலம், மனிதனுக்கு ஒரு நல்ல வீடு தேடவில்லை.

தமிழகத்தையும் கருநாடகத்தையும் வளப்படுத்தும் காவிரியின் கதை இன்னும் ஆழமானது. அங்கு மாசீர் என்னும் பெருங்கெண்டை உண்டு. 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் அதன் கிளையாறான கபினியில் 120 றாத்தல் எடையுள்ள ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். பிற்காலத்தில் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகலி முதலிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. கரையோரக் கிராமத்தவர் வழிகாட்டிகளாயினர். முன்பு களவாக மீன் பிடித்தவருட் சிலரும் அதே ஆற்றின் காவலராயினர். பிடித்த மீனை எடைபார்த்து மீண்டும் ஆற்றிலே விடுவது அங்கு வழக்கம். காடு சரணாலயமாதலின், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, 2012 அளவில் அங்கு தூண்டில் நிறுத்தப்பட்டது. பிரயாணிகள் வேறு ஆறு தேடிச் செல்லலாம். வழிகாட்டிகள் எங்கே செல்வர்?

ஆனால் அம்முகாமொன்றில் ஓர் அரிய பொருள் எஞ்சியிருந்தது. 1998 முதல் 2012 வரை பிடிபட்ட மீன்களைக் குறித்துவைத்த ஏடுகள் அவை. 2015இல் ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டபோது ஓர் உண்மை தெரியவந்தது: வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மாசீர் பெருக, காவிரிக்கே உரிய கூன்முதுகு மாசீர் அருகிப் போயிற்று. 2018இல் அம்மீன் அழிவின் விளிம்பில் நிற்பதாக உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அணைகளும், வெடியும், மணல் அள்ளுதலும் செய்த கேடு ஒருபுறம். நன்மையென்று எண்ணி விட்ட குஞ்சுகள் செய்த கேடு மறுபுறம். ஒரு சாதாரணக் குறிப்பேடு இத்துணைப் பெரிய சாட்சியாக முடியுமெனின், அதனை நம் கரையிலும் எழுதினால் என்ன?

எழுதத்தக்க செய்திகள் இங்கும் நிறைய உண்டு. கொடுவாய் பெரும்பாலும் ஆணாகவே வளரத் தொடங்கி, பருத்தபின் பெண்ணாக மாறும் மீன். எனவே மிகப் பெரிய கொடுவாயைப் பிடித்துத் தூக்கிப் படமெடுப்பவர், பெரும்பாலும் முட்டையிடும் தாயையே தூக்குகின்றார். கடற்கெளிற்றிலோ தந்தைதான் முட்டைகளைத் தன் வாயில் ஏந்திக் காக்கின்றது. குஞ்சு வெளிவருமளவும் அது இரை உண்பதில்லை. இவற்றை அறிந்தவன் எதை விடவேண்டும், எப்போது தூண்டிலை எடுத்து வைக்கவேண்டும் என்பதையும் அறிவான். நம் முதிய மீனவர் பலர் இதனைப் புத்தகமின்றியே அறிவர். அது எந்தப் பாடத்திட்டத்திலும் ஏறவில்லை, அவ்வளவே.

உல்லாசப் பயணம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நீண்ட போரினாலும் 2004இன் கடற்கோளினாலும் அலைக்கழிந்த கரைக்கு, நேர்மையான கூலி எவ்வழியில் வந்தாலும் நன்றே. நாம் கேட்பது வேறு. அப்படகுகள் தனிமுதலாளியின் கைக்குள் அடங்காமல், மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் உடைமையாகட்டும். தாய்மீனை விட்டுவிடும் விதியைச் சங்கமே வகுக்கட்டும்; வலை வீசுவோரின் இடத்தைத் தூண்டில் பறியாதிருக்கட்டும். படகேறும் இளைஞனின் பள்ளிப் படிப்பு முடியும்வரை அவன் இடம் வகுப்பறையாகவே இருக்கட்டும். ஆசிரியத் தோழர்களே, மாணாக்கரைக் கொண்டு கழிமுகத்துக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள்: நாள், நீரோட்டம், மீனின் பெயர், நீளம். அதில் இன்னுமொரு நிரலையும் வரையுங்கள். மீன் கிடக்கும் இடத்தைக் காட்டியவர் பெயரை அதில் முதலில் எழுதுங்கள்.