நகரையின் தாடி

தாடி விஷயத்தில் நாம் ரொம்பப் பெருந்தன்மைக்காரர்கள். ரிஷிக்கும் தாடி இருக்கிறது, கடன்காரனுக்குப் பயந்து திரிகிறவனுக்கும் இருக்கிறது. ஏன் என்று இருவரையும் கேட்பதில்லை. ஆனால் ஒரு மீன் தாடி வைத்திருந்தால் கேட்காமல் இருக்க முடியுமா?

விருத்தாசலத்தில் கடல் கிடையாது. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் உண்டு, பீங்கான் சூளைகள் உண்டு. கடல் மீன் கிழக்கேயிருந்து ஐஸ் பெட்டியில்தான் வரவேண்டும். அந்தப் பெட்டியில் சில நாள் நகரை வரும். நவரை என்றும் சொல்வார்கள். வாங்குகிறவர்கள் அதன் சிவப்பைப் பார்ப்பார்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். மோவாயில் தொங்கும் இரண்டு இழைகளை யாரும் லட்சியம் செய்வதில்லை. மீன்காரம்மாள் அதைத் தலையோடு அரிந்து எறிகிறாள். "அதுல என்னா சாமி இருக்கு? வெறும் நரம்பு!"

நகரையின் ஜீவனமே அதில்தான் இருக்கிறது. அந்த இழைகள் முழுவதும் ருசி அறியும் மொட்டுகள். இரண்டையும் தனித்தனியே அசைத்து மணலைத் துழாவும். புழு, இறால், சிறு நண்டு எது புதைந்திருந்தாலும் கண்ணால் பார்க்காமலே தெரிந்துகொள்ளும். அப்புறம் மூக்கால் மணலைக் கிளறி எடுத்துத் தின்னும். வேலை முடிந்ததும் தாடியைத் தொண்டைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் மடித்து வைத்துக்கொண்டு நீந்திப் போய்விடும். எங்கள் ஊர்ப் பீங்கான் தொழிலாளி, களிமண்ணை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தே அதில் மணல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். நகரைக்கோ விரலிலேயே நாக்கு!

பழைய ரோமாபுரிச் சீமான்கள் இதன் ஜாதியைச் சேர்ந்த மீனுக்காகப் பைத்தியமாய் அலைந்தார்கள். மூன்று மீன் முப்பதாயிரம் காசுக்கு விற்றதென்று திபேரியஸ் சக்கரவர்த்தியே அங்கலாய்த்தாராம். சாகும்போது அதன் நிறம் மாறி மாறி ஒளிர்வதை விருந்தில் உட்கார்ந்து ரசித்தார்களென்று செனகா மனம் கசந்து எழுதியிருக்கிறார். அவர்களும் நிறத்தைத்தான் பார்த்தார்கள்.

பவளப் பாறைகளின் ஓரத்தில் நகரை மேயும்போது வேறு மீன்களும் பின்னாலேயே வரும். அது கிளறிய மணலிலிருந்து தப்பி ஓடுவதை அவை பிடித்துக்கொள்ளும். நகரை அவற்றோடு சண்டைக்குப் போவதில்லை. உழுகிறவன் பின்னால் கொக்கு நடப்பதைப் போலத்தான்.

நம் பக்கத்தில் இந்தக் காட்சிக்கு ஏற்ற இடம் மன்னார் வளைகுடா. பக்கவாட்டில் மஞ்சள் திட்டும், வாலருகே கறுப்புப் பொட்டுமுள்ள இந்திய நகரை அங்கே உண்டு. ஆனால் அந்தப் பாறைகளையே பல வருஷ காலம் வெட்டிக் கரையேற்றிச் சுண்ணாம்பாக நீற்றினோம். 1986-ல் 21 தீவுகளைச் சேர்த்து அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. 2001-ல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். ஆனாலும் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பாறையை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

சூளையின் பெருமை எங்கள் ஊருக்குத் தெரியும். மண்ணைச் சுட்டால் கோப்பை கிடைக்கிறது, மண்ணுக்கு நஷ்டமில்லை. உயிருள்ள பாறையைச் சுட்டால் கிடைப்பது ஒரு கூடை சுண்ணாம்பு. நகரைக்கோ வீடும் போயிற்று, வயலும் போயிற்று. தாடியை மடித்துக்கொண்டு அது எங்கே போகும்?