ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

கிள்ளானில் எங்கள் அண்டை வீட்டு அண்ணனின் பழைய புரோட்டோன் சாகா, பிளக் கம்பி மாற்றிய மறுநாளே உதற ஆரம்பித்தது. புகைக்குழாயில் 'பட் பட்' என்று சத்தம். காட்டிய பட்டறையில் "எஞ்சினையே மாற்ற வேண்டும்" என்றார்கள். பால் மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதர், இடிந்து போனார்.

தொழிற்பயிற்சி முடித்த என் தங்கை மகன் வந்து பார்த்தான். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் கம்பிகள் இடம் மாறியிருந்தன. மாற்றிச் செருகினான், வண்டி சாதுவாகிவிட்டது.

"ஏனப்பா, 1-2-3-4 என்று வரிசையாகவே வெடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"காண்டா தூக்கியவர்களுக்குத் தெரியும், மாமா" என்றான். காண்டாக் கம்பில் ஒரு நுனி ஏறி மறு நுனி இறங்கினால் நடக்க முடியுமா? 1-2-3-4 என்று வெடிக்க, ஒன்றும் மூன்றும் சேர்ந்து ஏற, இரண்டும் நான்கும் இறங்க வேண்டும். அப்போது எஞ்சின் நுனிக்கு நுனி ஆடும். அதனால் ஓரத்துப் பிஸ்டன்கள் 1, 4 சேர்ந்து ஏறும்போது, நடுவிலுள்ள 2, 3 இறங்கும்படி கிராங்க் தண்டைச் செய்கிறார்கள்.

நான்கும் ஒருமுறை வெடித்து முடிய அந்தத் தண்டு இரண்டு சுற்று, அதாவது 720 பாகை சுற்றுகிறது. ஆகவே 180 பாகைக்கு ஒரு வெடி. ஒன்று வெடித்தபின் நடுவில் ஒன்று, அடுத்து நான்கு, பிறகு நடுவில் மற்றொன்று. இப்படி இரண்டே வரிசைகள்தாம் கிடைக்கும்: 1-3-4-2, அல்லது 1-2-4-3.

1985 ஜூலை 9-இல் அறிமுகமான சாகாவின் மிட்சுபிஷி எஞ்சினுக்கு முதல் வரிசை. அதற்கு முந்திய ஃபோர்டு எஸ்கார்ட்டுக்கு இரண்டாவது. எஸ்கார்ட் வரிசையைச் சாகாவில் மாட்டினால் 1, 4 சரியாக வெடிக்கும். 2, 3-இல் புகை வெளியேறும் நேரத்தில் பொறி விழும். பாதி எஞ்சின்தான் உழைக்கும். எஞ்சின் கெட்டுப்போனதாகத் தோன்றும். கெட்டது வரிசை மட்டுமே.

ஆறு சிலிண்டர்கள் நேர் வரிசையில் நிற்கும் லாரி எஞ்சின்களில் பெரும்பாலும் 1-5-3-6-2-4. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிப்பதில்லை. தண்டின் ஒரே இடத்தில் பாரம் தொடர்ந்து விழாது. இன்றைய கார்களில் பொறியைக் கணினி விடுகிறது. அதுவும் இந்த வரிசையை மீற முடியாது.

பட்டறை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் எண்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிட வேண்டாம். காரணத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். காரணம் தெரிந்தவன் எந்த வண்டியின் மூடியையும் தைரியமாகத் திறப்பான். ஏழையின் பணத்தையும் காப்பாற்றுவான்.