பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தேன்

பெண்ணுக்கு வரன் பார்ப்பது சிரமமான காரியம் என்று நம் பெரியோர்கள் சொல்லிப் போயிருக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறிய பெண்ணுக்கு மேல்நிலைப் பள்ளி பார்ப்பது அதைவிடச் சிரமம் என்பதை அவர்கள் அறியார்கள். அறிந்திருக்க நியாயமும் இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்ற ஏற்பாடு 1978-ஆம் வருஷத்தில்தான் வந்தது. 2007 முதல் பொறியியல் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வும் இல்லாமற் போய், பிளஸ் டூ மார்க்கே பிரமாணம் என்று ஆயிற்று. ஆகவே, இந்த இரண்டு வருஷங்களை எங்கே கழிப்பது என்ற கேள்வி வந்ததும் குடும்பங்களில் தூக்கம் போய்விடுகிறது.

எங்கள் ஜாகை மதுரையில், வைகைக்கு வடகரையில் உள்ள செல்லூர். வெளியூர் அன்பர்களுக்குச் செல்லூர் என்றதும் 2017-ஆம் வருஷத்துத் தெர்மாகோல் ஞாபகத்துக்கு வரும். எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயருடன் தாங்கிய அமைச்சர் ஒருவர், வைகை அணையின் நீர் ஆவியாகாமல் தடுக்க அந்த அட்டைகளை மிதக்கவிட்டார். காற்று அடித்தது, அட்டைகள் கரைக்கு வந்து சேர்ந்தன. எங்களுக்கோ செல்லூர் என்றால் கைத்தறிதான். நெசவு பழகுகிற பிள்ளைக்கு அறுந்த இழையைக் கண்டு பிடித்து முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். அதைக் கவனியாமல் மேலே மேலே நெய்துகொண்டு போனால் துணியில் பழுது விழுந்துவிடும்.

என் பெண்ணின் படிப்பிலும் அப்படி ஓர் இழை அறுந்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடினார்கள் அல்லவா? ஐந்தாம் வகுப்பு முழுவதையும், ஆறாம் வகுப்பில் பாதியையும் அவள் கைபேசியில் படித்தாள். கல்வித் தொலைக்காட்சியும் கைபேசியும் அப்போது செய்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் பின்னக் கணக்கு என்றால் இன்றைக்கும் அவளுக்குக் கை நடுங்கும். கணிதப் பிரிவில்தான் சேருவேன் என்று பிடிவாதம் வேறு!

முதலில் ஒரு தனியார் பள்ளிக்குப் போனோம். "எங்களிடம் கரும்பலகையே கிடையாது, ஸார்!" என்று அங்கிருந்தவர் பெருமையுடன் சொன்னார். உண்மைதான். சுவர் அகலத்துக்கு ஒரு மின்திரை. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கையடக்கக் கணினி. திரையில் மனித இருதயம் ஒன்று சுழன்று சுழன்று துடித்தது. கட்டணத்தைக் கேட்டபோது என்னுடைய இருதயமும் ஏறக்குறைய அப்படியே செய்தது. கணித வகுப்பின் பின்புறம் பத்து நிமிஷம் நிற்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். ஆசிரியர் ஒரு பொத்தானை அமுக்கினார். கணக்கின் விடை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில், தயாராக வந்து நின்றது. பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கையிலும் பேனா இல்லை.

மறுநாள், சர்க்கார் உதவி பெறும் பழைய பள்ளி ஒன்றுக்குப் போனோம். அங்கேயும் கணினி அறை இருந்தது. ஆனால் கணினியைக் கற்பதற்கு மட்டுமே அதைத் திறந்தார்கள். மற்றப் பாடங்களுக்கெல்லாம் கரும்பலகைதான். ஓர் ஆசிரியை வகை நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தார். காஸ் என்பதை வகையிட்டால் மைனஸ் ஸைன் வரவேண்டும். அவர் மைனஸை எழுத மறந்துவிட்டார். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண், "டீச்சர், மைனஸ்!" என்று கத்தினாள். ஆசிரியை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அழித்துவிட்டு, "ஏன் மைனஸ்? நீயே வந்து சொல்லு" என்று சாக்கட்டியை நீட்டினார். அந்தப் பெண் படம் வரைந்து விளக்குவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. மின்திரை அதை ஒரு நொடியில் காட்டியிருக்கும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் வகுப்பு முழுவதும் யோசித்தது.

வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. "உலகம் எங்கேயோ போகிறது. நம் பெண் மட்டும் சாக்குத் தூளைச் சுவாசித்துக்கொண்டிருக்க வேண்டுமா? நாளைக்கு ஓர் உத்தியோகத்துக்குப் போய் விழிக்கப் போகிறாள்" என்றாள் என் மனைவி. நியாயமான கவலைதான். ஆனால் உலகம் எங்கே போகிறது என்று சற்று விசாரித்தேன். பள்ளிகளில் கணினிக்கு ஏராளமாகச் செலவிட்ட தேசங்களில், வாசிப்பிலும் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணவில்லை என்று ஓ.இ.சி.டி. என்னும் சர்வதேச ஸ்தாபனம் 2015-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஸ்வீடன் தேசத்து சர்க்கார் 2023-இல், அச்சிட்ட பாடப் புத்தகங்கள் வாங்குவதற்காக 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. மின்திரையை நமக்கு முன்பே வாங்கியவர்கள் புத்தகத்துக்குத் திரும்புகிறார்கள்!

இதில் நமக்குப் பழைய சம்பந்தம் ஒன்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். தேறிய பிள்ளை அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார். 1797-இல் லண்டனில் அதைப்பற்றிப் புத்தகமும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் பரவியது. மூலதனம் ஒரு கூடை மணல். அதில் விரல் எழுதியது, தவறினால் அழித்தது, மறுபடி எழுதியது.

யந்திரமே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. இதே மதுரையில் 1921 செப்டம்பரில் அரைத்துணி விரதம் பூண்ட காந்தி மகான்கூடத் தையல் யந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனிதனுடைய அங்கங்களை உபயோகமற்றுப் போகச் செய்யும் யந்திரத்தையே அவர் ஆட்சேபித்தார். கண் தெரியாத குழந்தைக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும் கணினி தையல் யந்திரத்தின் ஜாதி. கணக்கைப் பிள்ளைக்குப் பதிலாகத் தானே போட்டுக் காட்டும் திரை வேறு ஜாதி. மேலும், பிளஸ் டூ பரீட்சையில் திரையும் இல்லை, பொத்தானும் இல்லை. மூன்று மணி நேரம் பேனாவைப் பிடித்து எழுத வேண்டும்.

கடைசியில் பெண்ணையே கேட்டோம். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா, போனில் படித்தபோது எனக்குப் புரியவில்லை என்பது யாருக்குமே தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடும்" என்றாள். என் மனைவி அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பழைய பள்ளியிலேயே சேர்த்துவிட்டோம்.

முதல் மாதப் பரீட்சையில் கணிதத்தில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாங்கி வந்தாள். விடைத்தாளில், பின்னம் தவறிய இடம் ஒவ்வொன்றையும் ஆசிரியை சிவப்பு மையால் வட்டமிட்டு, "மாலையில் என்னை வந்து பார்" என்று எழுதியிருந்தார். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரம் தாமதமாக வீட்டுக்கு வருகிறாள். மார்க்கு என்ன ஆகுமோ, நமக்குத் தெரியாது.

பள்ளிக்கூடம் பார்க்கப் போகும் நேயர்களுக்கு ஒன்று சொல்வேன். கட்டடத்தையும் திரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அங்கே படிக்கும் பிள்ளை ஒன்றின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். அதில் அடித்தல் திருத்தல் இருக்கிறதா, சிவப்பு மை இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் நின்றால் பாடம் நிற்குமா என்றும் கேளுங்கள். கட்டண விவரத்தை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.